தாய்லாந்தின் கோ தாவ் தீவில் டைவ்மாஸ்டர் பயிற்சி: தொடக்கம் முதல் சான்றிதழ் வரை முழுமையான வழிகாட்டி

அந்தமானிலோ தாய்லாந்திலோ விடுமுறையில் ஒரு முறை சிலிண்டரை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கியவர்களில் சிலருக்கு அந்த ஆசை அத்தோடு அடங்குவதில்லை. ஊருக்குத் திரும்பியதும் அடுத்த டைவ் எப்போது என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு கட்டத்தில், இரண்டு மாதம் எங்காவது தங்கி டைவ்மாஸ்டர் ஆகிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. அப்படித் தோன்றியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்கூபாவில் தொழில்முறைப் படிகளில் முதலாவது டைவ்மாஸ்டர். சான்றிதழ் பெற்ற டைவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்ப அழைத்து வருவது, வகுப்பெடுக்கும் இன்ஸ்ட்ரக்டருக்குத் துணை நிற்பது, படகில் சாமான்களையும் ஆட்களையும் ஒழுங்காக வைத்திருப்பது ஆகியவை இவர் பொறுப்பு. அதுவரை கற்றதெல்லாம் உங்களுக்கும் உங்கள் கூட்டாளிக்கும்தான். இதிலிருந்து மற்றவர்களுக்காக இறங்குகிறீர்கள். மீனையும் பவளத்தையும் தேடிப் பழகிய கண், மனிதர்களைக் கவனிக்கப் பழக வேண்டும். இந்த மாற்றம் புத்தகத்தால் வராது; நல்ல வழிகாட்டியின் பக்கத்தில் இருந்து, போதுமான நாள் எடுத்துக்கொண்டால்தான் வரும். கீழே நான் சொல்லும் ஒவ்வொரு யோசனையும் இந்த இரண்டிலிருந்து வருவதுதான்.

படி 1: ஊரிலேயே முடிக்க வேண்டியவை

உலகம் முழுக்கப் பல பயிற்சி அமைப்புகள் உண்டு. அதிகம் கேள்விப்படுவது 1966-இல் தொடங்கிய பாடி (PADI), 1970-இல் தொடங்கிய எஸ்.எஸ்.ஐ. (SSI). இரண்டில் எதில் படித்தாலும் உலகம் ஏற்கிறது. இங்கே பாடியின் விதிகளை வைத்தே சொல்கிறேன். மற்றவை கிட்டத்தட்ட இதையொட்டியே இருக்கும்.

டைவ்மாஸ்டர் பயிற்சிக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஓப்பன் வாட்டர் (தொடக்கப் படி), அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் (அடுத்த படி), ரெஸ்க்யூ டைவர் (மீட்புப் பயிற்சி) ஆகிய மூன்று படிகளையும் முடித்திருக்க வேண்டும். முதலுதவி, சி.பி.ஆர். பயிற்சி கடந்த 24 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். மருத்துவர் கையெழுத்திட்ட உடற்தகுதிச் சான்று ஓராண்டுக்குள் வாங்கியது வேண்டும். லாக்புக்கில், அதாவது உங்கள் டைவ் பதிவேட்டில், 40 டைவ் இருந்தால் தொடங்கலாம். சான்றிதழ் கைக்கு வர 60 ஆகியிருக்க வேண்டும்.

கோ தாவில் இவை எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து ஒரே மூச்சில் செய்து தரும் திட்டங்கள் இருக்கின்றன. எனக்கு அவற்றில் உடன்பாடு இல்லை. ஓப்பன் வாட்டரையும் அட்வான்ஸ்டையும் ஊருக்குப் பக்கத்தில் முடியுங்கள். புதுச்சேரியில் முடிக்கலாம், அந்தமானில் ஹாவ்லாக் இருக்கிறது, கர்நாடகத்தில் முருடேஸ்வரிலிருந்து போகும் நேத்ராணி இருக்கிறது. இலங்கையில் இருப்பவர்களுக்குத் திருகோணமலை. இதில் இரண்டு லாபம். புதுச்சேரிக் கடலில் கலங்கல் தண்ணீரிலும் அலையிலும் கற்றவருக்கு வேறெந்தக் கடலும் மிரட்டலாகத் தெரியாது. அதோடு, வேலையை விடும் முன்பே உங்கள் காதும் மனமும் இதற்கு ஒத்துழைக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். பத்து மீட்டரில் காது அடைத்து வலிக்கும் ஒருவர் அதை இரண்டு மாத விடுப்பு எடுத்த பிறகு கண்டுபிடிக்கக் கூடாது.

ரெஸ்க்யூ படிப்பை மட்டும் டைவ்மாஸ்டர் படிக்கப்போகும் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அந்த நாட்களில் பள்ளியும் உங்களைப் பார்க்கும், நீங்களும் பள்ளியைப் பார்க்கலாம். பிடிக்கவில்லை என்றால் அப்போதே வேறு இடம் தேடிக்கொள்ளலாம்.

மருத்துவச் சோதனையைக் கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள். பாடி தரும் படிவத்தை அப்படியே அச்செடுத்துப் பொது மருத்துவரிடமும், முடிந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் கொண்டுபோங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, சர்க்கரை, காது அறுவை சிகிச்சை, நுரையீரலில் பழைய பாதிப்பு, இவற்றில் எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையோ கூடுதல் சோதனையோ முடித்துப் பலர் டைவ் செய்கிறார்கள். மறைப்பதில் உள்ள ஆபத்து உங்களுக்கு மட்டும் அல்ல, உங்களை நம்பி இறங்குபவர்களுக்கும்தான்.

படி 2: நீச்சல்

இதை நம்மூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் கிணற்றிலோ குளத்திலோ நீந்தக் கற்றவர்கள். அவர்களுக்குத் தண்ணீர்ப் பயம் இருக்காது. நின்ற இடத்தில் கால் அடித்து மிதப்பது பிறவிக்குணம் மாதிரி வரும். ஆனால் நிறுத்தாமல் நீண்ட தூரம் நீந்தியிருக்க மாட்டார்கள். தலையைத் தூக்கியே நீந்திப் பழகியிருப்பார்கள். அது 50 மீட்டரில் கழுத்தைப் பிடித்துவிடும்.

பயிற்சியில் நான்கு உடல்திறன் சோதனைகள். முதலாவது, எந்த உபகரணமும் இல்லாமல் 400 மீட்டர் நீச்சல். இரண்டாவது, 15 நிமிடம் ஒரே இடத்தில் மிதப்பது. கடைசி 2 நிமிடம் கைகள் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும். மூன்றாவது, மாஸ்க், ஸ்நார்க்கெல் (மூச்சுக்குழல்), ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) அணிந்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி, கைகளைப் பயன்படுத்தாமல் 800 மீட்டர். நான்காவது, முழு டைவ் உடுப்போடு, அசைவில்லாமல் கிடக்கும் இன்னொரு டைவரை 100 மீட்டர் இழுத்துப்போவது. மிதப்பதைத் தவிர மற்ற மூன்றுக்கும் வேகத்தைப் பொறுத்து மதிப்பெண். 400 மீட்டரை ஆறரை நிமிடத்துக்குள் முடித்தால் 5. 13 நிமிடத்துக்கு மேல் போனால் 1.

ஆறரை நிமிடம் என்பது நீச்சல் வீரர்களின் வேகம். அதைக் குறி வைக்க வேண்டாம். பத்து நிமிடத்துக்கு அருகில் முடிந்தால் போதும். 25 மீட்டர் குளத்தில் 16 முறை அக்கரை தொட்டால் 400 மீட்டர். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே வாரம் மூன்று நாள் குளத்துக்குப் போங்கள். முதல் மாதம் வேகமே வேண்டாம். முகத்தைத் தண்ணீரில் வைத்து, பக்கவாட்டில் தலை திருப்பி மூச்செடுக்க மட்டும் பழகுங்கள். அது வந்துவிட்டால் தூரம் தானாக வரும். 800 மீட்டர் சோதனையில் நெஞ்சு தாங்கும், கணுக்கால்தான் தாங்காது. ஃபின் உரசித் தோல் வழன்றுவிடும். மெல்லிய சாக்ஸ் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: நீச்சலுடையில் தயக்கம் இருந்தால் முழுக்கை ரேஷ்கார்டும் (நீரில் அணியும் மேற்சட்டை) லெக்கிங்ஸும் போதும். வெயிலுக்கும் ஜெல்லி மீனுக்கும் அதுதான் நல்லது. கோ தாவில் பலரும் அப்படித்தான் இறங்குகிறார்கள்.

படி 3: ஏன் கோ தாவ்

தாய்லாந்து வளைகுடாவில், சூரத் தானி மாகாணத்தில் இருக்கும் இந்தத் தீவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர்தான். உலகிலேயே மிக அதிகமான டைவர்கள் சான்றிதழ் பெறும் இடங்களில் இதுவும் ஒன்று. அந்தக் கூட்டமே டைவ்மாஸ்டர் பயிற்சிக்கு இதைப் பொருத்தமாக்குகிறது. தினமும் புது மாணவர்கள் வருகிறார்கள். அவர்களில் பயந்தவர், அவசரக்காரர், சொன்னது காதில் விழாதவர் என எல்லா ரகமும் உண்டு. ஆளே வராத அழகிய தீவில் நீங்கள் நல்ல டைவர் ஆகலாம். டைவ்மாஸ்டர் ஆக மனிதர்கள் வேண்டும்.

நீரோட்டம் பெரும்பாலும் சாது. தண்ணீர் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பு. தொடக்க மாணவர்களுக்கு ஜப்பானீஸ் கார்டன்ஸ், நாங் யுவான் தீவையொட்டிய ட்வின்ஸ், பெரிய பாறைகள் நிறைந்த வைட் ராக் எல்லாம் இருக்கின்றன. ஆழத்துக்குச் சும்போன் பினாக்கிள். 2011-இல் மூழ்கடிக்கப்பட்ட சத்தகுட் என்ற கப்பல் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கத் தரையிறங்கு கப்பலாக இருந்து, பிறகு தாய்லாந்துக் கடற்படைக்கு வந்தது. கோ பங்கன் தீவுக்குப் போகும் வழியில் செயில் ராக் இருக்கிறது; அதன் உள்ளே செங்குத்தாக மேலேறும் ஒரு துளை வழியாக நீந்தலாம். அதிர்ஷ்டம் இருந்தால் சும்போனிலோ செயில் ராக்கிலோ திமிங்கலச் சுறா வந்து போகும்.

மழையைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். புக்கெட் பக்கம் மழை பெய்யும் மாதங்களில் இங்கே பெரும்பாலும் நல்ல வெயில். இங்கே அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரைதான் கடல் கோபமாக இருக்கும், நவம்பர் மோசம். நமக்கு வடகிழக்குப் பருவமழை வரும் அதே காலம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது. மார்ச் முதல் செப்டம்பர் வரை எந்த இரண்டு மாதத்தையும் எடுக்கலாம்.

வேறு இடங்களும் உண்டு. எகிப்தின் தஹாப்பில் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். இந்தோனேசியாவின் கிலி திராவங்கனில் நீரோட்டத்தில் வழிகாட்டக் கற்பீர்கள். ஹோண்டுராஸின் உதிலாவில் செலவு குறைவு என்று பெயர், ஆனால் நமக்கு விமானச் செலவே அதை விழுங்கிவிடும். முதல் முறை வெளிநாட்டில் நீண்ட நாள் தங்கப் போகிறவருக்குக் கோ தாவ்தான் சுலபம்.

படி 4: பள்ளியைத் தேர்ந்தெடுப்பது

தீவில் டஜன் கணக்கில் பள்ளிகள் இருக்கின்றன. விலைப்பட்டியல் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மின்னஞ்சலில் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

எனக்கென்று ஒரு மென்டர் (தனி வழிகாட்டி) இருப்பாரா, அவர் யார்? ஒரே நேரத்தில் எத்தனை பயிற்சியாளர்கள் இருப்பார்கள்? என் ரெஸ்க்யூ, கோட்பாடு, வரைபடம் எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்ப்பாரா, கிடைத்த ஆள் பார்ப்பாரா? இலவச டைவ் என்று சொல்வது எந்த நாள் வரை? உபகரணம் கட்டணத்தில் அடங்குமா? பாடப்பொருளும் பாடிக்குக் கட்டும் விண்ணப்பக் கட்டணமும் சேர்த்தா, தனியா?

மென்டர் கேள்விதான் முக்கியம். பத்துப் பன்னிரண்டு பயிற்சியாளர்கள் ஒரே நேரத்தில் இருந்தால், ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று பேர் துணைக்கு நிற்பீர்கள். இன்ஸ்ட்ரக்டர் உங்களைக் கவனிக்கவும் மாட்டார், உங்களுக்குச் செய்ய வேலையும் இருக்காது. சின்ன பள்ளியில் நான்கு பேர் இருந்தால் முதல் வாரத்திலேயே உங்கள் கையில் பொறுப்பு வரும்.

அப்புறம், இலவசப் பயிற்சி என்று வரும் விளம்பரங்கள். பாடக் கட்டணம் கிடையாது, பதிலுக்கு மாதக்கணக்கில் பள்ளியில் வேலை என்பது ஒப்பந்தம். சிலருக்கு அது நன்றாக அமைவதும் உண்டு. பெரும்பாலும் என்ன நடக்கிறது என்றால், சிலிண்டர் தூக்குவதும் உபகரணம் கழுவுவதும் துண்டுப் பிரசுரம் கொடுப்பதுமாக நாள் போய்விடும், கற்பிக்க ஆள் இருக்காது. சிலிண்டர் தூக்குவதும் கழுவுவதும் இந்தத் தொழிலில் பாதி வேலை. அதில் குறை ஒன்றும் இல்லை. அந்த வேலைக்கு நடுவே உங்களுக்குச் சொல்லித்தர ஒருவர் இருக்கிறாரா என்பதை மட்டும் பாருங்கள்.

முடிந்தால் முன்பணம் கட்டாமல் தீவுக்குப் போய், இரண்டு மூன்று பள்ளிகளில் பள்ளிக்கொரு டைவ் போய்ப் பாருங்கள். படகில் ஆக்சிஜன் கிட் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். உடனே கைகாட்டினால் நல்ல பள்ளி. டைவ் முடிந்து ஏறியதும் ஆள் எண்ணிக்கையைச் சரிபார்க்கிறார்களா, புது ஆட்களிடம் பொறுமையாகப் பேசுகிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

படி 5: பணமும் தாள்களும்

பள்ளிக் கட்டணம் பொதுவாக 30,000 பாட்டைத் தாண்டியே இருக்கும். இலவச டைவ்களும் தங்குமிடமும் சேர்ந்தால் இன்னும் கூடும். கணக்குக்கு ஒரு பாட் 3 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், கை கடிக்காது. இதற்கு மேல் பாடப்பொருள், பாடி விண்ணப்பக் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு, ஸ்கூட்டர். உங்களுடையதாக மாஸ்க், ஃபின், டைவ் கம்ப்யூட்டர், நீர்ப்பரப்புக்கு ஏற்றும் மிதவை, விசில் ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். பி.சி.டி.யையும் (காற்று நிரப்பி மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) ரெகுலேட்டரையும் (வாயில் வைத்து மூச்செடுக்கும் கருவி) பள்ளியில் இரண்டு மாதம் பயன்படுத்திப் பார்த்து, என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.

டைவ் காப்பீட்டைத் தவறவிடாதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, ஸ்கூபாவை விலக்கிவிடும் அல்லது ஆழ வரம்பு வைக்கும். தொழில்முறைப் பயிற்சி என்றால் கையை விரிக்கும். டைவ் விபத்துக்குத் தரும் அழுத்த அறை சிகிச்சைக்கு ஆகும் செலவு ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காலி செய்துவிடும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் போன்ற டைவர்களுக்கான அமைப்புகளின் காப்பீட்டை எடுத்து, அதில் பயிற்சி டைவ்மாஸ்டர் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் தாய்லாந்து விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் போடும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் நீட்டிப்பு எப்படி என்பதையும் சேர்த்து. 2025 மே மாதம் முதல் நாட்டுக்குள் நுழையும் வெளிநாட்டினர் எல்லாரும் மின்னணு வருகைப் படிவத்தை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். அது இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம்.

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ சும்போன் நகரம், சும்போனிலிருந்து வேகப்படகில் கோ தாவின் மே ஹாட் துறைமுகம். பஸ்ஸும் படகும் சேர்ந்த ஒரே டிக்கெட்டாகவே கிடைக்கும்.

படி 6: பயிற்சி நடக்கும் விதம்

வேகமாக ஓட்டினால் மூன்று நான்கு வாரத்தில் முடித்துவிடலாம். ஆறு முதல் எட்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

முதல் வாரம் பெரும்பாலும் பார்ப்பதும் தூக்குவதும்தான். காலை ஆறரைக்கு உபகரண அறை. யாருக்கு எந்த அளவு என்று பட்டியலைப் பார்த்துப் பெட்டியில் அடுக்குவது, படகுக்கு ஏற்றுவது, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பார்ப்பது. இதோடு கூடவே பாடம் போகும். இயற்பியல், உடலியல், உபகரணம், வேகமாக மேலேறினால் வரக்கூடிய அழுத்தக் குறைவு நோய் பற்றிய கோட்பாடு, சூழலியல். பள்ளியில் படித்த பாயில் விதி (அழுத்தம் கூடினால் காற்றின் பருமன் குறையும்) இங்கே உயிர்பெறும். ஒரு கணக்கு பாருங்கள். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (அழுத்தத்தின் அலகு) காற்று. 50 பாரை இருப்பில் விட்டால் 150 பார், அதாவது 1650 லிட்டர். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு ஆவதால் 60 லிட்டர் இழுப்பார். ஆக, 27 நிமிடம். இதே ஆள் பதற்றத்தில் இரட்டிப்பாக மூச்சு வாங்கினால் 14 நிமிடம்கூடத் தேறாது. குழுவில் யாரிடம் காற்று முதலில் தீரும் என்பதைப் படகிலேயே ஊகிக்க இந்தக் கணக்குதான் உதவும். சூத்திரத்தை மனப்பாடம் செய்யாமல் இப்படிப் போட்டுப் பழகுங்கள்.

அடுத்தது செய்து காட்டும் திறன்கள், மொத்தம் 24. மாஸ்க்கில் தண்ணீர் விட்டு வெளியேற்றுவது, வாயிலிருந்து விட்ட ரெகுலேட்டரைத் தேடி எடுப்பது, காற்றைப் பகிர்வது, அந்தரத்தில் அசையாமல் நிற்பது என்று நீங்கள் ஓப்பன் வாட்டரில் கற்ற அதே விஷயங்கள்தான். இப்போது அவற்றை மாணவன் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி மெதுவாக, ஒவ்வொரு அசைவையும் பிரித்துக் காட்ட வேண்டும். மாஸ்க் காலி செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். விரலால் மாஸ்க்கைச் சுட்டிக் காட்டுவது, மேல் விளிம்பைக் கொஞ்சம் தூக்கித் தண்ணீரைக் கண் மட்டம் வரை விடுவது, நிறுத்துவது, இரண்டு விரலால் நெற்றிப் பக்கம் அழுத்துவது, தலையை மேலே சாய்த்தபடி மூக்கால் நீளமாக ஊதுவது, ஓகே காட்டுவது. மூக்கால் ஊதுகிறீர்கள் என்பது எதிரில் இருப்பவருக்குக் குமிழியில் தெரிய வேண்டும். நீச்சல்குளத்தில் ஒருவர் படம் எடுக்கட்டும். பிறகு பார்த்தால் எவ்வளவு அவசரப்பட்டீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

எல்லாரும் பயப்படுவது உபகரண மாற்றத்துக்கு. இரண்டு பேர், ஒரே ஒரு ரெகுலேட்டர், அதை மாறி மாறி வாயில் வைத்துக்கொண்டே மாஸ்க், ஃபின், பி.சி.டி. எல்லாவற்றையும் தண்ணீருக்கடியில் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டும். இதில் வேகத்துக்கு மதிப்பில்லை. கீழே போகும் முன்பே கூட்டாளியோடு வரிசையைப் பேசி வையுங்கள்: எது முதலில், யார் கையில் ரெகுலேட்டர், ஆளுக்கு எத்தனை மூச்சு. இரண்டு மூச்சு எடுத்துக் கொடுத்துவிடுங்கள். வாயில் இல்லாத நேரத்தில் சின்னக் குமிழியாக விட்டுக்கொண்டே இருங்கள், மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள். மாஸ்க்கைக் கடைசியில் மாற்றுவது நல்லது. கண் தெரியும்வரை மற்றவை சுலபம். கூட்டாளி ரெகுலேட்டருக்குக் கை நீட்டினால், கையில் என்ன வேலை இருந்தாலும் முதலில் அதைக் கொடுங்கள்.

வரைபட வேலை எனக்குப் பிடித்த பகுதி. ஒரு டைவ் இடத்தைத் தேர்ந்தெடுத்து, காம்பஸும் ஸ்லேட்டும் எடுத்துக்கொண்டு, கால் உதைகளை எண்ணித் தூரம் அளந்து, கம்ப்யூட்டரில் ஆழம் பார்த்து, முழுப் படம் வரைய வேண்டும். முதலில் கடலடித் தரையில் 30 மீட்டர் கயிறு கட்டி, உங்கள் உதை எத்தனைக்கு அந்தத் தூரம் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ட்வின்ஸ் போன்ற சின்ன இடத்தை எடுங்கள். வைட் ராக் பரந்து கிடக்கும், முடிக்கப் பல டைவ் ஆகும். வரைந்து முடிக்கும்போது எந்தப் பாறைக்குப் பின்னால் மணல், எங்கே ஆழம் சட்டென்று இறங்குகிறது என்பதெல்லாம் மனதில் பதிந்திருக்கும்.

இங்கே டைட்டன் ட்ரிகர் மீனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முட்டையிடும் காலத்தில் மணலில் குழி பறித்துக் காவல் காக்கும். அதன் எல்லை குழியிலிருந்து மேலே விரிந்துகொண்டே போகும் கூம்பு. பயந்து மேலே ஏறினால் அதன் எல்லைக்குள்ளேயேதான் இருப்பீர்கள், பற்களும் பலம். ஃபின்னை அதன் பக்கம் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். கூடு இருக்கும் இடங்களை வரைபடத்தில் குறியுங்கள், குழுவை அந்தப் பக்கம் கூட்டிப்போகாதீர்கள்.

பிறகு இன்ஸ்ட்ரக்டருக்குத் துணை நிற்பது. ஆழமில்லாத இடத்தில் நான்கு மாணவர்கள் வரிசையாக; இன்ஸ்ட்ரக்டர் முன்னால், நீங்கள் பின்னால் அல்லது ஓரத்தில். அவர் முதல் ஆளுடன் பயிற்சி செய்யும்போது மற்ற மூவர் உங்கள் பொறுப்பு. எதைப் பார்க்க வேண்டும்? கண்களைப் பாருங்கள்: மாஸ்க்குக்குள் விழி அகலமாகி, எங்கும் நிலைக்காமல் அலைந்தால் பயம் ஏறுகிறது. குமிழிகளைப் பாருங்கள்: சீராக வந்தது திடீரென்று அடுக்கடுக்காக வந்தால் மூச்சு தப்புகிறது. கையைப் பாருங்கள்: மாஸ்க்கையோ ரெகுலேட்டரையோ அடிக்கடி தொட்டுக்கொண்டே இருப்பவர் அடுத்த நிமிடம் மேலே பாயலாம். அப்படி ஒருவரைக் கண்டால் மெதுவாக அவர் கண்ணெதிரே வந்து, தோளிலோ பி.சி.டி. வாரிலோ கை வைத்து, மூச்சை மெதுவாக விடும்படி கையால் காட்டுங்கள். நீங்களும் அவர் பார்க்கும்படி நீளமாக மூச்சு விடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்; உங்கள் மூச்சைப் பார்த்து அவர் மூச்சு இறங்கிவரும். பாய்ந்தே விட்டால், அவர் மூச்சைப் பிடித்தபடி ஏறாமல் பார்த்து, வேகத்தைக் குறைத்துக் கூடவே ஏற வேண்டும்.

வழிகாட்டுவது அதற்குப் பிறகு. அதில் முதல் பகுதி, இறங்கும் முன் படகில் தரும் விளக்கமான பிரீஃபிங். இடத்தின் பெயர், அமைப்பு, இறங்கும் ஏறும் முறை, அதிகபட்ச ஆழம், நேரம், காற்று எவ்வளவு இருக்கும்போது சொல்ல வேண்டும், பிரிந்துவிட்டால் என்ன செய்வது, சைகைகள், எதைத் தொடக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசினால் யார் காதிலும் ஏறாது. நமக்கு ஆங்கிலம் வேகமாகப் பேசும் பழக்கம் உண்டு. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அது தாய்மொழி அல்ல. நிறுத்திப் பேசுங்கள், கையால் வரைந்து காட்டுங்கள். தண்ணீருக்குள் போனால் சில உதைகளுக்கு ஒரு முறை திரும்பிப் பாருங்கள். குழுவில் மிக மெதுவாக நீந்துபவர் வேகமே உங்கள் வேகம். கடைசியில் 5 மீட்டரில் 3 நிமிடம் நிறுத்தம். அதற்கு முன்பே மிதவையை மேலே அனுப்பிவிடுங்கள், படகுப் போக்குவரத்து அதிகமான கடல் இது.

ஆழத்தில் தொலைந்ததைத் தேடி மிதவைப் பையால் தூக்குவது, மயங்கிய டைவரை நீர்ப்பரப்பில் மீட்டு மூச்சுக் கொடுத்துக்கொண்டே கரை சேர்ப்பது, அவசர உதவித் திட்டம் எழுதுவது ஆகியவையும் உண்டு. மீட்புப் பயிற்சியைத் தேறும்வரை மட்டும் செய்யாமல், யோசிக்காமல் கை போகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

படி 7: உடம்பைப் பார்த்துக்கொள்வது

தினமும் இறங்குபவர்களைப் படுக்க வைப்பது பெரும்பாலும் காதுதான். வெளிக்காது ஈரத்திலேயே இருந்து புண்ணாகிவிடும். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் காதைக் கழுவி, தலையைச் சாய்த்து வடியவிட்டு உலர்த்துங்கள். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள். சளி பிடித்தால் இறங்க வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டு இறங்கினால், பாதி டைவில் மருந்தின் வீரியம் போய் ஏறும்போது மாட்டிக்கொள்வீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் கடலுக்குப் போகாதீர்கள்.

பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க விட்டால் நிம்மதி. பக்கத்துத் தீவான சமுயியிலிருந்து விமானம் பிடிப்பவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

சைவர்களுக்கு: தாய்ச் சமையலில் மீன் சாறு எதிலும் இருக்கும், காய்கறிப் பொரியலில்கூட. கடையில் "ஜே" என்று சொன்னால் மீன், முட்டை எதுவும் இல்லாமல் செய்து தருவார்கள்; பூண்டு வெங்காயமும் இருக்காது. அரிசி எங்கும் கிடைக்கும் என்பதால் தயிரும் ஊறுகாயும் இருந்தால் சமாளித்துவிடலாம்.

படி 8: முடிவும் அதற்குப் பிறகும்

கடைசியில் பல பள்ளிகளில் ஸ்நார்க்கெல் டெஸ்ட் என்று ஒரு கொண்டாட்டம் வைப்பார்கள். ஸ்நார்க்கெல் வழியாக மதுவை ஊற்றிக் குடிக்கச் சொல்வார்கள். அது பாடத்தில் இல்லை, சான்றிதழுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம், அல்லது இளநீர் ஊற்றச் சொல்லலாம். அளவில்லாமல் குடித்து மயங்குவது ஆபத்து. மறுநாள் டைவ் இருந்தால் அறவே கூடாது.

சான்றிதழ் வந்ததும் வேலை செய்ய ஆண்டுதோறும் உறுப்பினர் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பல இடங்களில் பொறுப்புக் காப்பீடும் கேட்பார்கள். கோ தாவிலேயே வேலை என்றால் வேலை அனுமதியும் அதற்குரிய விசாவும் கட்டாயம். சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு சம்பளத்துக்கு வழிகாட்டப் போகாதீர்கள். பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும்தான். நம்மவர்களுக்கு அந்தமானும் மாலத்தீவும் பக்கத்தில் இருக்கின்றன. இந்தியப் பயணிகள் அதிகம் வரும் இடங்களில் தமிழும் இந்தியும் பேசத் தெரிந்த டைவ்மாஸ்டருக்குத் தேவை உண்டு. பயந்த ஒருவரிடம் அவர் மொழியில் பேச முடிவது பெரிய பலம். விண்ணப்பிக்கும்போது லாக்புக்கோடு உங்கள் மென்டரின் பரிந்துரைக் கடிதத்தையும், நீங்கள் வரைந்த வரைபடத்தின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

இன்ஸ்ட்ரக்டர் ஆக நினைப்பவர்கள் தேர்வு எழுத 100 டைவ் வேண்டும், முதல் சான்றிதழ் வாங்கி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். டைவ்மாஸ்டர் முடித்த கையோடு அதில் சேரச் சொல்லிப் பள்ளிகள் வற்புறுத்தும். ஒரு பருவமாவது டைவ்மாஸ்டராக வேலை பார்த்துவிட்டு, விதவிதமான ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்ப் பார்த்த பிறகு சேருங்கள்.